ஆலை நிற்காத தீபாவளி

கேள்வி:

வணக்கம். எனக்கு வயது 29, கல்யாணம் ஆகி இரண்டு வருடம் ஆகிறது. நான் பிறந்து வளர்ந்தது கெடாவில் சுங்கைப்பட்டாணி, கணவருக்குப் பேராக்கில் தெலுக் இந்தான். அவர் ஜொகூரில் குளுவாங் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் உதவிப் பொறியாளர். தோட்டத்துக்குள்ளேயே குவாட்டர்ஸ் கொடுத்திருக்கிறார்கள். நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்க்கிறேன். தலைத் தீபாவளி அம்மா வீட்டில் நன்றாக நடந்தது. போன தீபாவளிக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை, இங்கேயே இருந்துவிட்டோம். விடியற்காலையில் அம்மா வீடியோ காலில் வந்தார். அங்கே வீடு நிறைய ஆள், அக்கா பிள்ளைகள், அண்ணன், சித்தி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து பாட்டி கையால் எண்ணெய் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு எண்ணெய் வைக்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று அழுதுவிட்டேன். எங்கள் வீட்டில் தீபாவளி அன்று சைவம். அவர் வீட்டில் முதல் நாள் படையல், மறுநாள் காலையில் தோசைக்கு ஆட்டுக்கறி. எதைச் சமைப்பது என்பதிலேயே சண்டை வந்து நான் எதுவுமே சமைக்கவில்லை, அவர் ஷிப்ட்டுக்குப் போய்விட்டார், இரவு இரண்டு பேரும் மேகி மீ சாப்பிட்டோம். இந்த வருடமும் லீவு சந்தேகம்தான். மாமியார் "புள்ள பெருநாளுக்குக்கூட வரல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறாராம். அம்மா "பெருநாள்னா பொறந்த வீடுதான், அங்க உக்காந்துகிட்டு என்ன பண்ணப் போற" என்கிறார். இரண்டே பேர் இருந்து கொண்டாடினால் அது பெருநாளா? நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதற்கு என்னத்தைக் காட்டுவது?

- பெயர் வேண்டாம், குளுவாங்

பதில்:

அன்புள்ள சகோதரி,

மேகி மீ வரியிலிருந்தே தொடங்குகிறேன். அதை எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும், எனக்கோ கடிதத்திலேயே அதுதான் தெளிவான வரி. ஆள் இல்லாததால் அழுதேன் என்கிறீர்கள், சரி, ஆனால் சண்டை ஆள் இல்லாததால் வரவில்லை. சுங்கைப்பட்டாணி வீட்டுத் தீபாவளி முழுசாக ஒரு பக்கம், தெலுக் இந்தான் வீட்டுத் தீபாவளி முழுசாக இன்னொரு பக்கம், இரண்டையும் ஒரே அடுப்பில் வைத்து, ஷிப்ட்டுக்குப் போக வேண்டிய ஒரு மனிதரும் அழுது ஓய்ந்த ஒரு பெண்ணும் நடத்தப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே அந்த வேலையைச் செய்ய பாட்டி, அம்மா, சித்தி, அக்கா என்று எத்தனையோ கைகள். இங்கே நான்கு கை, அதிலும் இரண்டு ஆலையில். நடக்காமல் போனதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதனால் நான் சொல்லப் போவது இதுதான். இரண்டு வீட்டுத் தீபாவளியையும் அந்தந்த வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் குவாட்டர்ஸில் நடப்பது குளுவாங் தீபாவளியாக இருக்கட்டும், சின்னதாக, நீங்கள் இரண்டு பேரும் சோர்ந்து கிடக்கிற வருடத்திலும் செய்து முடிக்கிற அளவில். ஊரையும் உறவையும் பார்க்க வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேறு நாள் எது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

முதலில் லீவு. இது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் தெரிந்திருக்காது, அவர்களுக்கு எடுத்துச் சொல்ல உதவும் என்பதால் எழுதுகிறேன். வெட்டிய செம்பனைக் குலை காத்திருக்காது. வெட்டிய நேரத்திலிருந்தே பழத்துக்குள் அமிலம் ஏற ஆரம்பித்துவிடும், அது ஏற ஏற எண்ணெயின் தரம் இறங்கும், அதனால்தான் ஒரு நாளுக்குள் பழத்தை ஆலைக்குக் கொண்டுவந்து ஆவியில் வேகவைத்துவிடப் பார்க்கிறார்கள். நம் மலேசியத் தீபகற்பத்தில் காய்ப்பு உச்சத்துக்குப் போவது பொதுவாக செப்டம்பர், அக்டோபர் வாக்கில். தீபாவளி எப்போது வருகிறது? அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள். லாரி வரிசையாக நிற்கிற நேரத்தில் பொறியாளரை ஒரு வாரம் ஊருக்கு அனுப்ப எந்த மேனேஜருக்கும் மனசு வராது. ஆக, இது ஒரு வருடத்துத் துரதிர்ஷ்டம் இல்லை. உங்கள் கணவர் இந்தத் தொழிலில் இருக்கும்வரை பெரும்பாலான வருடங்களில் இப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு வருடமும் கடைசி வாரம்வரை "கிடைக்குமா கிடைக்காதா" என்று காத்திருந்து, கிடைக்காமல் போய், அந்தக் கோபத்தோடு பெருநாளைத் தொடங்குகிறீர்களே, அந்தக் காத்திருப்பை நிறுத்துங்கள். இந்த வருடம் இங்கேதான் என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள். லீவு கிடைத்தால் வீட்டில் தூங்கட்டும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் "தீபாவளிக்கு லீவு தராமல் இருக்க முடியுமா" என்று பலர் கேட்கிறார்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வருடத்துக்கு 11 பொது விடுமுறை தரச் சொல்கிறது. அதில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகிய 5 கட்டாயம், மற்ற ஆறை முதலாளி தேர்ந்தெடுக்கலாம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் கொடுத்துவிடுகின்றன என்பது வேறு. வேலை செய்ய வேண்டி வந்தால் இரண்டு தரப்பும் பேசி வேறு நாளாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. உங்கள் கணவர் மேனேஜரிடம் சண்டை போடுவதைவிட, "தீபாவளிக்கு நான் நிற்கிறேன், அதற்குப் பதில் ஏப்ரலில் இந்த நான்கு நாள் எனக்கு வேண்டும்" என்று இப்போதே எழுதிக் கொடுப்பது நல்லது. உச்சக் காய்ப்பில் கைகொடுத்தவர் கேட்கும்போது இல்லை என்று சொல்வது கஷ்டம்.

ஏன் ஏப்ரல் என்கிறேன்? உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, சுங்கைப்பட்டாணியில் பங்குனி உத்திரம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெளியூரில் இருக்கிறவர்கள்கூடக் காவடிக்கும் பால்குடத்துக்கும் வந்து சேருகிற திருவிழா. அடுத்த பௌர்ணமி சித்ரா பௌர்ணமி. தெலுக் இந்தானில் நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலில் அது எவ்வளவு பெரிசு என்று உங்கள் கணவரைக் கேளுங்கள், பிரதானச் சாலையில் கடை போட்டு ஊரே வெளியே இருக்கும். இரண்டும் மார்ச் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில் வருகின்றன, ஆலையில் உச்சக் காய்ப்பு இன்னும் பல மாதம் தள்ளி இருக்கும், தீபாவளி மாதிரி நாடு முழுக்க ஒரே நாளில் நெடுஞ்சாலையில் ஏறுவதும் இல்லை. நீங்கள் இருக்கிற இடத்திலிருந்து உங்கள் அம்மா வீடு 600 கிலோமீட்டருக்கு மேல், பெருநாள் நெரிசலில் அந்தத் தூரம் ஓட்டிவிட்டுப் போய் ஒரு இரவு தங்கித் திரும்புவதற்குப் பெயர் விடுமுறையா?

உங்கள் ஊருக்கு உத்திரம், அவர் ஊருக்குச் சித்ரா பௌர்ணமி. இரண்டுக்கும் ஒரே வருடத்தில் லீவு கிடைக்காவிட்டால் வருடம் மாற்றி வருடம். ஆனால் அதை இப்போதே தேதியோடு இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்களுக்கு வலிப்பது பிள்ளை வராதது மட்டும் இல்லை, எப்போது வருவான் என்றே தெரியாததும்தான். சொந்தக்காரர்கள் கேட்கும்போது உங்கள் மாமியாருக்குச் சொல்ல ஒரு பதில் இல்லை, அதனால்தான் புலம்புகிறார். "சித்ரா பௌர்ணமிக்கு நாலு நாள் வந்து தங்குறாங்க" என்ற ஒரு வரியை அவர் கையில் கொடுத்தால், அதையே அவர் ஊர் முழுக்கச் சொல்வார்.

யார் சொல்வது என்பது முக்கியம். அவர் வீட்டுக்கு அவர் சொல்லட்டும், உங்கள் வீட்டுக்கு நீங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மாமியாரிடம் நீங்கள் சொன்னால் மருமகள் தடுக்கிறாள் என்று ஆகும், உங்கள் அம்மாவிடம் அவர் சொன்னால் மாப்பிள்ளை அனுப்ப மாட்டேன் என்கிறார் என்று ஆகும். நீட்டி விளக்கவும் வேண்டாம். "ம்மா, இந்த வருஷம் தீபாவளிக்கு வரல, இங்க பழம் கூட. உத்திரத்துக்கு நாலு நாள் வர்றோம், லீவு எழுதிக் கொடுத்தாச்சு, பாட்டிக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?" அவ்வளவுதான். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், பேச்சு அங்கேதான் திரும்பும்.

உங்கள் அம்மா சொன்னது உங்களை எங்கேயோ ஆழமாகத் தைத்திருக்கிறது என்று தெரிகிறது. அதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மகள் பக்கத்தில் இல்லாத ஏக்கத்தில் வருகிற பேச்சு அது. அம்மாவிடம் ஒரு நாள் சாவகாசமாகக் கேட்டுப் பாருங்கள், கல்யாணம் ஆகி வந்த புதிதில் அவர் தீபாவளியை எப்படிச் செய்தார், இப்போது செய்கிறபடியேவா என்று. நம்மில் முக்கால்வாசிப் பேருடைய தாத்தா பாட்டி தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்கள். லயத்துத் தீபாவளி வேறு. கித்தா (ரப்பர்) மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்டம் துண்டு துண்டாக விற்றுப் போய், குடும்பங்கள் தாமான் குடியிருப்புக்கும் அடுக்குமாடி வீட்டுக்கும் வந்தபோது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத இடத்தில், அந்தத் தலைமுறைப் பெண்கள்தான் புதிதாக ஒரு தீபாவளியைக் கட்டிக்கொண்டார்கள். நீங்கள் இப்போது "எங்கள் வீட்டு வழக்கம்" என்று நினைப்பதில் எவ்வளவு உங்கள் அம்மா 25 வயதில், வழி தெரியாமல், தானாகக் கண்டுபிடித்தது என்று கேட்டால் அவரே சிரிப்பார்.

இன்னும் பின்னால் போனால், கங்காணி ஆள் கூட்டி வந்த காலத்தில் கப்பலேறியவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு 'ஊருக்குப் போவது' என்றால் நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கப்பலில் நாள்கணக்கில் போவது. பலர் போகவே இல்லை. அவர்கள் தோட்டத்தில் ஒரு மாரியம்மனை வைத்து, பிரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போகிற நேரம் போக மிஞ்சிய நேரத்தில் பெருநாள் கொண்டாடினார்கள். பத்துமலைத் தைப்பூசத்தை என்றைக்கும் இருந்ததாக நாம் நினைக்கிறோம், அது 1892-இல் தொடங்கியது. சீனர், மலாய்க்காரர் என்று எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிற திறந்த இல்ல உபசரிப்பு இந்த நாட்டில் வந்து சேர்ந்த பழக்கம், அதை யாரும் இப்போது புதுசு என்று சொல்வதில்லை. இன்றைக்கும் பாருங்கள், சரவாக்கில் தீபாவளிக்குப் பொது விடுமுறையே கிடையாது. அங்கே மாற்றலாகிப் போன ஆசிரியர்கள் பள்ளிக்கூடம் முடிந்து வந்து மாலையில்தான் விளக்கேற்றுகிறார்கள். அது பெருநாள் இல்லை என்று அவர்களிடம் யார் சொல்வது?

சரி, இப்போது உங்கள் குவாட்டர்ஸுக்கு வருவோம்.

எண்ணெய். உங்களுக்கு அழுகை வந்தது அதற்குத்தான், அதனால் அதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உங்கள் கணவர் வைக்கட்டும், அவருக்கு நீங்கள் வையுங்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், முதல் தடவை நெற்றியெல்லாம் வழிய ஊற்றுவார், பரவாயில்லை. இல்லாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இது இன்னும் பிடிக்கும். உங்கள் தோட்டத்து லயத்திலோ பக்கத்துத் தாமானிலோ, பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட ஒரு பாட்டி கட்டாயம் இருப்பார், குளுவாங் பக்கம் அப்படி வீடு நிறைய. அவர் பிள்ளைகளும் தீபாவளி அன்று மத்தியானத்துக்கு மேல்தான் வந்து சேருவார்கள். முதல் நாள் கொஞ்சம் பலகாரத்தோடு போய், "பாட்டி, நாளைக்குக் காலையில வந்து எங்களுக்கு எண்ண வச்சு விடுறீங்களா" என்று கேளுங்கள். மறுக்க மாட்டார். ஆனால் ஒன்று, இந்த வருடம் கூப்பிட்டுவிட்டு அடுத்த வருடம் மறந்துவிடக் கூடாது. அந்த வயதில் ஒருவரை எதிர்பார்க்க வைத்துவிட்டு விட்டுவிடுவது பாவம்.

அடுத்தது சைவமா ஆட்டுக்கறியா என்ற வழக்கு. கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள், நீங்களே தீர்ப்பையும் எழுதியிருக்கிறீர்கள். அவர் வீட்டில் படையல் முதல் நாள். உங்கள் வீட்டில் சைவம் தீபாவளி அன்று. இரண்டும் ஒரே நாளே இல்லை! 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மாலை அவர் தாத்தாவுக்குப் பிடித்த கறி, மீன், சுருட்டு, வேறு என்ன வைப்பார்களோ அதையெல்லாம் அவர் முன்நின்று படைக்கட்டும், நீங்கள் கூட இருங்கள். அவருக்கு அது வெறும் சாப்பாட்டு ஆசை இல்லை, செத்துப்போனவர்கள் பசியாறிவிட்டுப் போகிற நாள் அது என்று நம்புகிற வீடு. போன வருடம் அவர் கோபத்தில் பாதி அதுவாகத்தான் இருக்கும், அவருக்கே அதைச் சொல்லத் தெரிந்திருக்காது. ஞாயிறு காலை உங்கள் வீட்டு வழக்கம், சைவம், குளித்து விளக்கேற்றித் தோசையும் சட்னியும். தோசைக்கு ஆட்டுக்கறி இல்லையே என்று முகம் சுருங்கினால், ஜொகூரில் ஞாயிறு விடுமுறைக்குப் பதில் திங்களும் விடுமுறை, முதல் நாள் கறியைச் சுண்டவைத்துத் திங்கள் காலை தோசையோடு தின்னட்டும். சுண்டின கறி முதல் நாள் கறியைவிட ருசி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யாருடைய வழக்கம் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்க்காதீர்கள், அந்த வேலையைக் கம்பெனிக்கு மட்டும் செய்யுங்கள்.

வீடியோ காலை நான் தடுக்க மாட்டேன், ஆனால் விடியற்காலையில் வேண்டாம். உங்கள் வீட்டு விளக்கை ஏற்றி, குளித்து, ஒரு வாய் சாப்பிட்டு, புதுத்துணி போட்ட பிறகு நீங்களே கூப்பிடுங்கள். வெறும் நைட்டியோடு, தலையில் எண்ணெய்கூட இல்லாமல் உட்கார்ந்துகொண்டு இன்னொரு வீட்டுப் பெருநாளைத் திரையில் பார்த்தால் யாருக்கும் அழுகைதான் வரும். பேசுவது ஒரு பத்து நிமிடம். அம்மாவிடம் உண்மையாகவே கூட இருக்க வேண்டும் என்றால் அதற்கு முந்தைய சனிக்கிழமைகள் இருக்கின்றன. கெடாவில் வார ஓய்வு வெள்ளி, சனி, ஜொகூர் 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடைப்பது சனி ஒன்றுதான். அன்றைக்குப் போனைச் சமையல் மேடையில் நிறுத்திவைத்துவிட்டு இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் பலகாரம் சுடுங்கள். அதிரசத்துக்குப் பாகுப் பதம் பார்ப்பதை வாயால் சொன்னால் புரியாது, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிக் காட்டச் சொல்லுங்கள், உங்களுடையதையும் காட்டுங்கள். உங்கள் அம்மா திட்டுவார். அந்தத் திட்டு உங்களுக்கு வேண்டும். அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழு, தீபாவளி அன்று காலை மட்டும் அதைத் திறக்காமல் இருங்கள், படங்கள் எங்கேயும் ஓடிப்போகாது.

சுட்ட பலகாரத்தை இரண்டு பேர் தின்று தீர்க்க முடியாது, தீர்க்கவும் கூடாது. ஆலை வாசலில் நிற்கிற ஜாகா (காவலாளி) நேபாளத்துக்காரரா என்று பாருங்கள், பல இடங்களில் அப்படித்தான். அவர்களுக்கு நம் தீபாவளியை ஒட்டிய அதே நாள்களில் திஹார், ஐந்து நாள் பண்டிகை. ஒரு நாள் காக்கைக்கு, ஒரு நாள் நாய்க்கு மாலை போட்டுப் பொட்டு வைப்பது, பிறகு லட்சுமி பூஜைக்கு வீடு நிறைய விளக்கு, கடைசி நாளில் சகோதரி சகோதரனுக்கு நெற்றியில் திலகம் இடுவது. அந்த மனிதர் இது எதுவும் இல்லாமல் உங்கள் வீட்டுக்குச் சில நூறு அடி தள்ளி ஒரு கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு தட்டில் நெய் உருண்டையும் முறுக்கும் கொண்டுபோய் "ஹாப்பி திஹார்" என்று சொல்லிப் பாருங்கள். இதைத் தர்மம் என்று நினைத்துச் செய்ய வேண்டாம், அவரைப் போலவே நீங்களும் ஊரில் இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

மலாய்க்கார அண்டை வீட்டாரையும், இந்தோனேசியா வங்காளதேசத் தொழிலாளர்களையும் கூப்பிட நினைத்தால் அதை ஞாயிறு மாலை, சைவச் சாப்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கத்துக்கும் பொருந்தும், அவர்களுக்கும் தயக்கம் இருக்காது. கோழி வைத்தே ஆக வேண்டும் என்றால் ஹலால் கடையில் வாங்குங்கள், படையலுக்கு வைத்த பீரும் அதன் பாத்திரங்களும் அந்தப் பக்கம் வர வேண்டாம், காகிதத் தட்டு போதும். அண்டை வீட்டில் சீனர்கள் இருந்தால் மாட்டிறைச்சி தொடாதவர்களாக இருக்கலாம், சைவத்தில் அந்தக் கேள்வியும் இல்லை. பெரிய விருந்து வேண்டாம். முதல் வருடம் ஆலையில் அவரோடு ஷிப்ட்டில் நிற்கிற இரண்டு மூன்று பேர் வந்தாலே போதும், பெருநாள் அன்று வேலை செய்துவிட்டு வருகிறவர்களுக்கு உப்புமாவும் காப்பியும் கொடுத்தால்கூட மறக்க மாட்டார்கள்.

இதோடு பொங்கலைப் பற்றியும் யோசியுங்கள். நம் நாட்டில் பொங்கலுக்கு விடுமுறை இல்லை என்று எல்லாரும் குறைப்படுகிறோம், உங்கள் இரண்டு பேருக்கு அதுவே வசதி. யாரும் ஊருக்கு வரச் சொல்ல மாட்டார்கள், யாரும் கணக்கு வைத்துக்கொண்டு கோபிக்க மாட்டார்கள். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் காய்ப்பு குறைவு, அவர் கொஞ்சம் நேரத்தோடு வீட்டுக்கு வருவார். வேலைக்குப் போவதற்கு முன்னால் குவாட்டர்ஸ் வாசலில் கரும்பு கட்டி, ஒரு சின்னப் பானையில் பொங்கல் வைத்து, இரண்டு பேரும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" சொல்லிவிட்டுக் கிளம்பலாம், அதற்கு ஒரு மணி நேரம் போதும். இரண்டு வீட்டிலும் யாரும் உரிமை கொண்டாடாத ஒரு நாள் உங்களுக்கு வேண்டும், அதற்குப் பொங்கலைவிட நல்ல நாள் எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்கே ஒரு வழக்கம் பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளுங்கள், கேட்க ஆள் இல்லை. குளுவாங்கில் 1938-இல் ரயில் நிலையத்தில் தொடங்கிய பேர்போன காப்பி இருக்கிறது, பொங்கல் அன்று மாலை அந்தக் காப்பியும் காயா தடவிய ரொட்டியும்தான் எங்கள் வழக்கம் என்று நீங்கள் முடிவு செய்தால் அதை யார் தடுப்பது? தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா எந்த மாதம் என்றும் விசாரித்து வையுங்கள். தோட்டத்தை விட்டுப் போன பழைய குடும்பங்களெல்லாம் அதற்கு வரும், நீங்கள் வந்து இறங்கிய இடத்தின் கதை அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் முதல் வருடமே செய்துவிடாதீர்கள், அப்படிச் செய்தால் அது மூன்றாவது வீட்டுத் தீபாவளியாகி அதுவும் உங்களை அழுத்தும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்க்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: ஆலையில் பாய்லர் பழுதாகி அவர் இரவு முழுக்க வரவில்லை, உங்களுக்குக் காய்ச்சல், மழை வேறு, அப்படிப்பட்ட வருடத்திலும் இதைச் செய்ய முடியுமா? எண்ணெய் வைப்பது முடியும். ஒரு விளக்கு, முடியும். ஒரு தட்டு பலகாரம், கடையில் வாங்கியாவது முடியும். பதினைந்து பேருக்கு விருந்து முடியாது. முடிகிறதை வழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றது அந்தந்த வருடத்து உற்சாகம்.

பிள்ளை பிறந்தால் என்ன காட்டுவது என்று கேட்டீர்கள். பிறக்காத பிள்ளைக்காக இப்போதே பெருநாள் நடத்த வேண்டாம், அது உங்கள் இரண்டு பேருக்கும் பெரிய பாரம். வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் இருப்பது பெருநாள் வருத்தம் மட்டும்தானா? வீட்டிலிருந்தே வேலை, தோட்டத்துக்குள் வீடு, கணவர் ஷிப்டில், பேச ஆள் இல்லை என்றால் அது வருடம் முழுக்க இருக்கிற தனிமை, தீபாவளி அன்று தெரிகிறது, அவ்வளவே. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாரக்கணக்கில் காரணம் இல்லாமல் அழுகை வந்தால் அதைப் பெருநாள் ஏக்கம் என்று ஒதுக்காதீர்கள். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்த்துச் சொல்லலாம், அல்லது சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கலாம். அப்படி எதுவும் இல்லை என்றால் நல்லது. இருந்தாலும் வாரத்தில் ஒரு நாளாவது டவுனுக்குப் போய் உட்கார்ந்து வேலை பாருங்கள்.

கணவரிடம் இதைப் பேச நேரம் பார்த்துத் தொடங்குங்கள், இரவு ஷிப்ட் முடிந்து வந்த காலையில் வேண்டாம். போன வருடம் யார் மேல் தப்பு என்பதிலிருந்து தொடங்காமல், "உங்க தாத்தாவுக்கு என்ன புடிக்கும்" என்று கேட்டுத் தொடங்கலாம். பதில் ஆட்டுக்கறி என்று வந்தால், டவுன் கறிக்கடையில் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள், தீபாவளிக்கு முதல் நாள் காலையில் போய் நின்றால் எலும்புதான் மிஞ்சும்.